கருப்புத் திரையில் கால முத்திரை

தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவருக்காவது 'டொப்' என்று ஒரு சத்தம் உண்டு; நான் குத்திய முத்திரைக்குச் சத்தமும் இல்லை, மையும் இல்லை, அப்படி ஒரு முத்திரை இருப்பதே புதுச்சேரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிராட்பேண்ட் புதிதாக வந்திருந்த நாட்கள் அவை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆவண வேலை செய்து கொடுக்கும் இரண்டு அறை ஆபீஸ் ஒன்றில் எனக்கு உத்தியோகம். ஒரு கோப்பு இன்ன தேதி, இன்ன மணிக்கு இருந்தது என்பதற்கு ஐரோப்பாவில் உள்ள ஒரு சர்வரிடம் கையெழுத்து வாங்கித் தருவோம். அதற்குக் கருப்புத் திரையில் மூன்று வரிக் கட்டளை தட்ட வேண்டும். "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்" என்று கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்யப்பட்ட சகபாவிகளே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அந்த மூன்று வரியையும் நான் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துத்தான் தட்டினேன்.

முத்திரை எங்கே?

வேலாயுதம் அண்ணன் தவளக்குப்பத்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பாரீஸ் கடை ஒன்றுக்குச் சரக்கு அனுப்புவார். முந்தைய சீசனில் இவர் வரைந்த பை மாடலை வேறொரு பட்டறைக்காரன் காப்பியடித்து, அதே கடைக்கு அனுப்பி, "இது என்னுது" என்று சாதித்துவிட்டான். ஆர்டரும் அவனுக்கே போனது. அந்தச் சூடு ஆறாமல், புதிதாக வரைந்த பிறை வடிவப் பையை ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து, சீடியில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

நான் வாத்தியார் கணக்காக விளக்கினேன். படம் எங்கும் போகாது. படத்தைக் கணக்குப் போட்டுக் கைரேகை மாதிரி ஒரு நீள எண் எடுப்போம், அது மட்டும்தான் ஐரோப்பாவுக்குப் போகும். அவர்கள் அதில் நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நாளைக்கு எவனாவது சண்டைக்கு வந்தால் படத்தையும் இந்த முத்திரையையும் சேர்த்துக் காட்டினால் போதும். சொல்லிவிட்டுத் தட்டினேன். பிழை என்று வந்தது. திருத்தித் தட்டினேன். ஒரு பொடிக் கோப்பு வந்து விழ, திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டியது. எங்கள் முதலாளி மதாமின் சட்டப்படி, வாடிக்கையாளர் படத்தை உடனே எங்கள் மெஷினிலிருந்து அழித்துவிட்டு, சீடியை அவரிடம் கொடுத்து, முத்திரையை அவர் மெயிலுக்கு அனுப்பினேன். அவர் எழுந்து மானிட்டருக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆயிட்டுதா? ஊதுபத்தி கூட கொஞ்சம் பொகை வுடும் தம்பி, ஒன் மெஷின் ஒண்ணுமே வுடலியே!"

எந்த ஊர் ராகு காலம்?

அடுத்த மாடலோடு அண்ணன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வந்தது பதினோரு மணிக்கு. ராகு காலம் பன்னிரண்டு வரை. "முடிஞ்சதும் தட்டு தம்பி" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பெரிய மனது பண்ணி, சீடியை உள்ளே தள்ளி, கட்டளையை முழுதாகத் தட்டி, எண்டர் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விரல் மரத்துப்போனது. பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம் ஆனதும் ஒரு அமுக்கு.

பதில் வந்தது. பெருமையாகத் திறந்து காட்டினேன். அதில் ஆறு முப்பத்தைந்து என்று இருந்தது. அந்தச் சர்வர் லண்டன் கணக்கில்தான் நேரம் போடும், நம்முடையதில் ஐந்தரை மணி நேரம் கழித்துவிடும் என்று மென்று விழுங்கினேன். இதை ஒரு மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்தான். எனக்கே அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்போ இவ்ளோ நேரம் நான் எந்த ஊரு ராகு காலத்துக்குத் தம்பி இங்க குந்திட்டிருந்தேன்?"

தோஷத்துக்கு ஐரோப்பிய அத்தாட்சி

பிரான்ஸிலிருந்து ஒரு பெரியவர் ஆபீசைப் பார்வையிட வந்தார். மதாம் முன்னாள் பிரெஞ்சு டீச்சர். அன்று முழுக்கப் பிரெஞ்சிலேயே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், எனக்குப் புரிந்தது என் பெயர் மட்டும். ஒரு ஒப்பந்தக் கோப்புக்கு முத்திரை வாங்கிக் காட்டச் சொன்னார். கோப்புப் பெயரின் முதல் எழுத்தைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் மீதியை மெஷினே போட்டுக்கொள்ளும். என் போன்ற சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்த வசதி. அமுக்கினேன். விசையாக எண்டரும் தட்டினேன். முத்திரை வந்தது, பெரியவர் கை தட்டினார்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன். முத்திரை ஒப்பந்தத்துக்கு இல்லை. அதே எழுத்தில் பெயர் தொடங்கும், வரன் பார்க்க அப்பா ஸ்கேன் செய்யச் சொன்ன என் ஜாதகத்துக்கு. செவ்வாய் தோஷத்தை மட்டும் ஜோசியரிடம் சொல்லி லேசாகச் சரிக்கட்டலாம் என்று வீட்டில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. விஷயத்தைச் சொன்னதும் மதாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வுவாலா, பாத்துக்கோ பாஸ்கர், இனிமே உன் தோஷத்தை மாத்தினா ஐரோப்பாவே சாட்சி சொல்ல வரும்!"

மேல் மூலையில்

சிரிப்பு அடங்கிய இடம் இது. அந்தக் காப்பிக்காரன் பிறை வடிவப் பையையும் கொண்டுபோய் பாரீஸ் கடையில் வைத்துவிட்டான். கடைக்காரர் இருவரிடமும் ஆதாரம் கேட்டார். வேலாயுதம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திப் படத்தையும் முத்திரையையும் மெயிலில் அனுப்பினார். கடை வக்கீல் சோதித்துப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை என்று பதில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் சரியான ஆதாரம் வராவிட்டால் கிறிஸ்துமஸ் ஆர்டர் அவனுக்கு. அது போனால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்றார் அண்ணன். கத்தரிப்பதை நிறுத்தித் தையல்காரப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

நான் சோதித்தேன். ஃபெயில்டு. இன்னொரு தரம். ஃபெயில்டு. நான் கொடுத்த முத்திரையே தப்போ? படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் மூலையில், மவுஸால் வரைந்ததால் கொஞ்சம் கோணலாக, ஒரு பிள்ளையார் சுழி. "அது இல்லாம நம்ம வீட்ல எதையும் அனுப்பறதில்ல தம்பி, மளிகைச் சீட்டு கூட" என்றார் அண்ணன். ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். ராகு காலம் பற்றிப் பேச நேரம் இருந்த எனக்கு இதற்கு நேரம் இருக்கவில்லை. 'இவ்வளவுதானே' என்று சுழியை அழித்து, சேமித்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சோதித்தேன். மறுபடி ஃபெயில்டு. கண்ணுக்குப் பழைய படம்தான். ஆனால் திரும்பச் சேமித்த கோப்பு உள்ளுக்குள் வேறு ஆள். அவர் வீட்டு மெஷினிலும் சுழி போட்டதுதான் மிச்சம். ஸ்டூடியோவில் அன்றே அழித்தாயிற்று; எங்களிடமும் பிரதி இல்லை, மதாம் சட்டம்.

மதாம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிள்ளையார் கையெழுத்துப் போட்டுட்டார்னு நான் அந்த வக்கீலுக்குப் பிரெஞ்சுல எப்படிப்பா எழுதறது?"

கடலூர் ரோட்டில் ஒரு மினுமினுப்பு

"அந்த மொத சீடி எங்கண்ணே?" என்றேன். அண்ணனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி செல்வி அக்கா யோசிக்கவே இல்லை. மொபெட்டில் பின் விளக்கு எரியாததால், பின்னால் வருகிற லாரிக்காரன் கண்ணில் படட்டும் என்று அந்தச் சீடியைக் கம்பியால் கட்டிவிட்டாராம்.

அவரே மொபெட்டில் கிளம்பி வந்தார். வாசலில் நின்று பார்த்தோம்; தெருமுனை திரும்பும்போது பின்னால் பளபளவென்று ஆடிக்கொண்டு வந்தது எங்கள் மானம். கம்பியை அறுத்து, சேற்றைக் கழுவி, கீறலுக்குப் பல் பேஸ்ட் தேய்த்தார் மதாம். என் மெஷின் அதைக் கடகடவென்று உருட்டிவிட்டுத் துப்பியது. மதாம் மெஷின் வெகுநேரம் முனகியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் செவ்வாய் உட்பட எல்லாக் கிரகத்தையும் வேண்டிக்கொண்டேன். படம் வந்தது, மூலையில் சுழி இல்லாமல். மதாம் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் தட்டினேன். ஓகே என்று ஒரே ஒரு சொல் வந்தது. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நிபுணன் என்ற பெயர் இருந்ததால் தும்முவது போலச் சமாளித்தேன். மதாம் அப்போதே பாரீஸுக்கு அனுப்பினார். ஆர்டர் உறுதி என்று பதில் வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். செல்வி அக்கா மட்டும் மொபெட் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சரி தம்பி, அந்த சீடியத் திருப்பிக் குடு, பொழுது போறதுக்குள்ள நான் தவளக்குப்பம் போய்ச் சேரணும்."

ஒரு பொருள் எந்த நேரத்தில் இருந்தது என்று உலகத்துக்கே சத்தியம் செய்து கொடுத்த எங்கள் ஆபீஸ், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் கடைசிவரை ஒரு மொபெட்டை நம்பித்தான் விட்டிருந்தது.