இருக்க முடியாத மீன்காரி

நான் பிழைப்புக்கு எழுதும் மொழியில் கவிதை வராது. 'எல்லா', 'சில', 'யாரும் இல்லை' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். 'எல்லாப் பசுவும் விலங்கு', 'எந்த விலங்கும் செடி அல்ல' என்கிற மாதிரி வரிகளைத் தர்க்கக் குறிகளில் எழுதிக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். பசு செடி அல்ல என்று நாம் சொல்லவே வேண்டாம், அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். சிட்லபாக்கத்து வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'ஐ.டி.' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். விளக்கப்போனால் காபி ஆறிவிடும்.

இந்த மொழியில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். ஒன்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், அது இல்லை என்று முடிவு கட்டாது. 'தெரியாது' என்று வைத்துக்கொள்ளும். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தக் குணம் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். ஆனால் 'இப்படி ஒன்று இருக்கவே முடியாது' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு, கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடும்.

மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கத் தாம்பரத்தில் விடுதி நடத்தும் ஓர் அறக்கட்டளைக்காக, விண்ணப்பங்களைச் சலிக்கும் விதிகளை எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய மேலாளர் ஒருநாள் போனில் புலம்பினார். "ஐஸ் குடோன் வச்சிருக்கிற பெரிய வியாபாரிங்கல்லாம் மீனவர்னு போட்டுக்கிட்டு வந்துடறாங்க மேடம். ஏதாவது பண்ண முடியுமா?"

"ஒரே வரி போதும் சார்" என்றேன். என்ன திமிர் எனக்கு!

ஏற்கெனவே இரண்டு விதிகள் இருந்தன. மீனவர் சங்கத்து உறுப்பினர் எல்லாரும் மீனவர். மீன் விற்பவர் எல்லாரும் வியாபாரி. அதோடு மூன்றாவதைச் சேர்த்தேன்: மீனவர் யாரும் வியாபாரி அல்ல. சோதித்துப் பார்க்க இருபது குடும்பங்களைக் கற்பனையாக உருவாக்கினேன். இருபதிலும் அப்பா கடலுக்குப் போனார், அம்மா வீட்டில் இருந்தார். எல்லாம் பச்சை விளக்கு. அன்று மதியம் நான் சாப்பிட்டது எங்கள் மீன்காரி ஆய்ந்து கொடுத்த சங்கரா மீன் குழம்பு.

அவள் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஞாயிறும் புதனும் வருவாள். புருஷன் இறந்ததிலிருந்து கூடைதான் அவளுக்குச் சோறு; மீனவர் சங்கத்திலும் அவர் இடத்தில் இவள்தான் உறுப்பினர். போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையை இறக்கியதும் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு. எம்பொண்ணு நர்சிங் சேந்துகீதுல்ல, ஆஸ்டலுக்கு எய்திப் போட்டுது. இன்னாவோ தப்புன்னு வந்துகீது."

'நீங்கள் தந்த தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இத்தகைய குடும்பம் இருக்க இயலாது.'

அந்த வாக்கியத்தை எழுதியவளே நான்தான். அம்மா சங்க உறுப்பினரா? ஆம். மீன் விற்கிறாரா? ஆம். இரண்டுக்கும் அந்தப் பெண் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். உடனே என் மூன்று வரிகளும் சேர்ந்துகொண்டு, உலகத்தில் இப்படி ஒருத்தி கிடையாது என்று முடிவு கட்டிவிட்டன. அந்த ஒருத்தி என் வாசலில் உட்கார்ந்து வஞ்சிரத்துக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்டல் கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"தெனம் மூணு பஸ் மாறி அனுப்ப என்னால ஆவாதுக்கா. பொயுது சாஞ்சா எனக்குப் பயம். படிப்ப வுட்டு நின்னுட்டு எங்கூடக் கூடையத் தூக்கட்டும், இன்னா பண்றது. ஆஸ்டல்ல சேக்கறது புதங்கெயமையோட முடிஞ்சிடுமாம்."

நான்தான் காரணம் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். கோழை!

மூன்றாவது வரியை அழித்தேன். மொத்தமாக வாங்கிக் குடோனில் வைத்து விற்பவருக்கு மட்டும் இடமில்லை என்று மாற்றி எழுதினேன். பிறகு மேலாளரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையா என்று சலித்துக்கொண்டார். "அடுத்த மாசம் மொத்தமா மாத்திக்கலாமே மேடம்."

"சார், குப்பத்துல பாதி வீட்டுல ஆம்பிளை கடலுக்குப் போவார், பொம்பளை விப்பாங்க, சங்கத்துலயும் இருப்பாங்க. அத்தனை பேரையும் நான் இல்லைன்னு எழுதி வச்சிருக்கேன். தப்பு என்னோடது. இன்னிக்கே மாத்துங்க."

"டெஸ்ட் பண்ணீங்கல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். பண்ணினேன், எனக்குத் தோன்றிய குடும்பங்களை வைத்து. மனுஷன் நல்லவர், அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. நிராகரித்தவை எல்லாவற்றையும் திரும்ப ஓட்டச் சொன்னார். மொத்தம் முப்பத்தேழு குடும்பங்கள் உயிரோடு திரும்பி வந்தன.

புதன்கிழமை மீன்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. எனக்கென்று தனியாக இறால் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ எம்பொண்ணு சரியாத்தான் போட்டுதா?"

"ஒவ்வொண்ணும் சரி. என் வரிதான் தப்பு. அழிச்சிட்டேன்."

"நீ அயிச்சிட்ட. நா இன்னாக்கா பண்ணுவேன்? இத்தினி படிச்சும் ஒயுங்கா எய்தத் தெரியலயான்னு அடிச்சிட்டேன். தோளுக்குமேல வளந்த பொண்ண, தெருவுல வச்சி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லு அவளாண்ட."

"நீ எழுதினது எல்லாமே சரிதாம்மா" என்றேன். "நான்தான் விதியைத் தப்பா எழுதியிருந்தேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அம்மா பக்கத்துல இருக்காங்களாக்கா? அவங்களுக்குக் கேட்டுதா?"

மீன்காரி போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"கேட்டுதுடி கண்ணு" என்றாள்.