சேலை தெரிந்தால் நிறுத்துங்கள்

கள்ளக்குறிச்சிக் கடையில் ஒருவருக்குக் கறுப்புக் குழாய் அளந்து வெட்டிக்கொண்டிருந்தபோது முருகேசன் போன் செய்தார். "பாய், அஞ்சல பூட்டா" என்றார். "எங்க போனா? மலைக்கா? வண்டி இங்கதானே நிக்குது?" என்று கேட்டேன். அஞ்சலை எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவள். கட்டிய கணவர் போன் செய்து "பூட்டா" என்றால் எனக்கு வேறு எப்படிப் புரியும்? "இல்ல பாய். காத்தால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள பூட்டா" என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. குழாயை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பது மறந்துபோய், எதிரே நிற்பவரிடமே மறுபடியும் கேட்டேன்.

அவர்கள் ஊரான நைனார்பாளையத்துக்குப் போய் மாலை போட்டேன். அவளைப் படுத்த நிலையில் நான் பார்த்ததே இல்லை. தலைமாட்டில் வைத்திருந்த படம்கூட ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியது. மற்ற படங்களிலெல்லாம் அசைந்துவிட்டாள், முகம் கலங்கலாகத்தான் இருக்கிறது என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. மலையில் வேலை பாதியில் கிடக்கிறது, இவள் பாட்டுக்குப் படுத்துக்கொண்டாளே என்று.

அவளை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் குழாய்க் கடையின் மினி டிராக்டரை ஓட்டியவள் அஞ்சலை. அதன் பின்னால் பள்ளம் தோண்ட ஒரு சின்ன பக்கெட் மாட்டியிருக்கும். பெரிய பொக்லைன் திரும்ப முடியாத சந்துகளிலும் மலைத்தடங்களிலும் குழாய் பதிக்க அதுதான் கதி. முதலில் அவள் கடப்பாரையோடு கூலிக்கு வந்தவள். ஒருநாள் டிரைவர் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், இவள் வண்டியில் ஏறி பாதித் தெருவைத் தோண்டியிருக்கிறாள். "யார் உன்ன ஏறச் சொன்னது?" என்று அவர் குதித்தார். "வண்டி சும்மா நின்னுக்கினு இருந்துச்சுண்ணா, பாக்க சகிக்கல" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். அன்றோடு என் நிம்மதியும் போயிற்று. நின்றபடியே டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "இன்னா பாய், இன்னும் மசமசன்னு நிக்கிறீங்க?" என்பாள். உட்காரச் சொன்னால், "உக்காந்தா உடம்பு துருப்புடிச்சிக்கும்" என்பாள்.

கல்வராயன் மலையில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே பாறை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சுனையிலிருந்து மேல்தெருத் தொட்டிக்கு முதல்முறை குழாய் பதிக்கப் போனோம். பக்கெட்டின் பல் பாறையில் மாட்டியதும் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. நான் பதறிப்போய், இறங்கு இறங்கு என்று கத்தினேன். அவள் இறங்குவதாவது! "கத்தாதீங்க பாய். வந்து வண்டி மூஞ்சி மேல ஏறி உக்காருங்க" என்றாள். என் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்தேன், சக்கரம் தரைக்கு வந்தது. "பாத்தீங்களா, துன்ன பிரியாணி வீணாப் போவல" என்று அவள் சொன்னதும் மேல்தெருவே சிரித்தது. மறுநாள் முதல் வேலையாக முன்பக்கம் மணல் மூட்டைகளைக் கட்டிவிட்டேன்.

பாறையை அவள் நேராக மோத மாட்டாள். பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே போய், அடியில் பல்லைக் கொடுத்து நெம்புவாள். அசையாவிட்டால் அந்தக் கல்லின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, குழாயை வளைத்துக்கொண்டு போவாள்.

மலைக்குப் போவதற்கு முன்பே, திருக்கோவிலூரில் ஒரு தெருவில் வேலை செய்தபோது ஏற்கெனவே மண்ணுக்குள் போன குழாய் ஒன்றை அவள் பக்கெட் கிழித்துவிட்டது. தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது. தெருப் பெண்கள் குடத்தோடு வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒரு சொல் பொறுக்காத அஞ்சலை அன்று குனிந்த தலையோடு பள்ளத்தில் இறங்கினாள். குழாயை ஒட்டி, பாதி மண்ணைத் தள்ளிய பிறகு, வண்டி சீட்டில் மடித்துப் போட்டிருந்த தன் பழைய சேலையை எடுத்துப் பள்ளத்துக்குள் நீளமாக விரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவன் தோண்டுனாலும் பைப்புக்கு முன்னாடி சேல தெரியும் பாய். சேல தெரிஞ்சா நிறுத்திருவான்."

"நிறுத்தலன்னா?"

"பொம்பள சேலய இழுக்கறமேன்னு ஒரு நிமிஷமாவது யோசிக்க மாட்டானா?"

அதிலிருந்து எங்கே குழாய் பதித்தாலும் வீட்டுக்கு ஒரு பழைய சேலை கேட்பாள். பருத்தி என்றால் வாங்க மாட்டாள். "மண்ணுல மக்கிப்பூடும்மா. நைலான் இருக்குதா பாரு" என்பாள். நான் பழைய துணிக்குப் பாத்திரம் விற்கிறவரைப் போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். குழாய்க்கடை பாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று அவளிடம் சலித்துக்கொள்வேன். மலையில் மேல்தெரு வீடுகளும் அப்படிச் சேலை கொடுத்தவைதான்.

அவள் போனபோது பாதியில் கிடந்தது அதே ஊரின் கீழ்த்தெரு வேலை. கீழ்த்தெருக்காரர்கள் இன்னமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல்தெருத் தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். புதுக் குழாய் ஓரிடத்தில் மேல்தெருவின் பழைய குழாயைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் பழைய குழாய் எங்கெங்கே வளைந்து போகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். மேலே புல் மண்டிவிட்டது. அதைக் கிழித்துவிட்டால் இரண்டு தெருவுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கூலிக்கு அழைத்துப்போன வேறொரு டிரைவர் பாறையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். கீழ்த்தெரு வெள்ளையன் தினமும் போன் செய்தார். "அக்கா போனது எங்களுக்கும் துக்கம்தான் பாய். ஆனா தண்ணி..." என்று இழுப்பார். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கருமாதி முடிந்ததும் டிராக்டரை நானே மலைக்குக் கொண்டுபோனேன். முருகேசன் ஒரு துணிப்பையோடு கூட வந்தார்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். பக்கெட் என் கைக்கு அடங்காது. இடுப்பில் கை வைத்தபடி மேல்தெரு லட்சுமி முன்னால் வந்து நின்றாள். "எங்க பைப்ப ஒடச்சிராதீங்க பாய். ஒடச்சீங்கன்னா மல எறங்க வுட மாட்டோம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளையன் "இங்கதான் எங்கயோ" என்று காலால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். கல், மறுபடியும் கல். வியர்வை கண்ணில் இறங்கியது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, அஞ்சலை மேல், பாறை மேல், என் மேல். லீவரை வேகமாக இழுத்தேன்.

"சேல! சேல! நிறுத்துங்க பாய்!" என்று வெள்ளையன் அலறினார்.

பக்கெட்டின் பல்லில் ரோஜா நிறத்தில் ஒரு முந்தானை தொங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, முட்டி போட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினேன். ஒரு சாண் ஆழத்தில், பொடி மண்ணுக்குள், பழைய குழாய் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. லட்சுமி குனிந்து பார்த்தாள். "ஐயே, இது என்னுது! சாயம்கூடப் போவல பாரேன்!" என்று சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நைனார்பாளையத்தில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. மண்மேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முருகேசன் சுனைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தைக் கடப்பாரையால் பக்குவமாகத் தோண்டி, பழைய குழாய்க்கு அடியில் புதியதைக் கொண்டுபோனோம். பிறகு கீழ்த்தெரு வரை வண்டி சென்றது. கீழ்த்தெரு வீடுகள் கொடுத்த சேலைகள், கடைசியில் தெருக் குழாயடிக்குக் கொஞ்சம் முன்பாகவே தீர்ந்துபோயின. முருகேசன் பையைத் திறந்து ஒரு கிளிப்பச்சைச் சேலையை எடுத்தார். ஓரத்தில் கிரீஸ் கறை. அவள் வண்டி ஓட்டும்போது கட்டுவது. வேண்டாம், வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

"வூட்ல இருந்தா அதையே பாத்துக்கினு உக்காந்திருப்பேன் பாய். அப்டி உக்காந்தா அவளுக்குப் புடிக்காது" என்றார். அவரே பள்ளத்தில் இறங்கி, சுருக்கம் இல்லாமல் அதை விரித்தார். அதன் மேல் மண் தள்ளினோம். வெள்ளையன் குழாயைத் திறந்தார். முதலில் காற்று இருமியது, பிறகு செம்மண் கலங்கலாக வந்தது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது கடை மூலையில், அவள் பழைய சேலைகளைச் சேர்த்துவைத்த ஒரு கோணிப்பை. குழாய் வாங்க வருகிறவர்களிடம் இப்போது நானும் பழைய சேலை கேட்கிறேன். சிரிக்கிறார்கள், ஆனால் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். டீயையும் நின்றுகொண்டேதான் குடிக்கிறேன், உட்கார முடியவில்லை. அவளோடு பழகியவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிமலையோ திருக்கோவிலூரோ உங்கள் ஊரோ, பள்ளம் தோண்டும்போது மண்ணுக்குள் ரோஜாவோ கிளிப்பச்சையோ ஏதாவது நிறம் தெரிந்தால், தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள். கீழே தண்ணீர் போய்க்கினு இருக்கும்.