திருக்கடையூர் போகும் வழியில் ஓர் அயர்லாந்துக் கேள்வி

அப்பாவுக்கு இந்த மாசியில் அறுபது முடிந்தது. திருக்கடையூரில் மணிவிழா வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னதும் பெல்ஃபாஸ்டிலிருந்து டிக்கெட் போட்டேன். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். விஷயம் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு ராபர்ட்டும் நோராவும், "நாங்களும் வரலாமா?" என்றார்கள். அந்த ஊருக்குப் போன முதல் குளிர்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவர்கள். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டு நண்பர்களை டெல்டாவுக்கு அழைத்துவர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத வந்த விஷயம் கொஞ்சம் வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் பெல்ஃபாஸ்டிலேயே பிறந்த புராட்டஸ்டன்ட். நோரா எல்லைக்கு அந்தப் பக்கம், டோனெகலைச் சேர்ந்த கத்தோலிக்கர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரிட்டனோடு இருக்கிறது, மற்றதெல்லாம் தனி நாடு. என்றாவது வாக்கெடுப்பு வைத்து இரு பக்கமும் பெரும்பான்மை சரி என்றால் ஒன்றாகலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. தெற்கே கேட்டால் சேரவேண்டும் என்பவர்கள் அதிகம். வடக்கே இப்படியே இருக்கட்டும் என்பவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள், கொஞ்சம் கூடுதல், பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களும் நிறைய. நானும் நழுவுகிற கட்சிதான். எனக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, ஆனால் இந்தப் பேச்சு வந்தால் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

எங்கள் வீடு இருக்கும் தஞ்சாவூரிலிருந்து திருக்கடையூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக மூன்று மணி நேரம். அப்பா, அம்மா, உறவினர்கள் முன்னால் வேனில் போனார்கள். நாங்கள் மூவரும் பின்னால் காரில். ஓட்டுநர் பேட்டாவோடு ஐயாயிரம் ரூபாய். ஓட்டியவர் முத்துப்பேட்டை பஷீர் அண்ணன், பதினைந்து வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டுப் பிடித்திருந்தார்கள். நோரா கண்ணாடியை இறக்கி அந்த வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டு வந்தார்.

கும்பகோணம் தாண்டியதும் பஷீர் அண்ணன் கேட்டார். "ஏம்மா, குவைத்துல எங்க சூப்பர்வைசர் அயர்லாந்துக்காரரு. எங்க ஊர ரெண்டா பிரிச்சுட்டாங்கன்னு எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அது ஒண்ணா சேருமா? இவங்கள கேட்டுச் சொல்லுங்களேன்."

நான் மழுப்பப் பார்த்தேன். நோரா விடவில்லை, என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன்.

"சேரும். நான் பார்க்க இருப்பேனா தெரியாது, ஆனால் சேரும்," என்றார் நோரா.

ராபர்ட் வயலைப் பார்த்தபடியே, "சேரும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நான் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போடுவேன்," என்றார்.

நோரா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "இன்னமுமா?"

"நீ கேட்டதே இல்லையே."

பஷீர் அண்ணனுக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். "தப்பா கேட்டுட்டேனாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லண்ணே என்றேன். நோரா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்தில் ராபர்ட்டின் மனம் தன் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நோரா நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

கோயிலில் அன்று மட்டும் எத்தனையோ தம்பதிகள். எங்கள் இடத்தில் கலச நீர் ஊற்றி, அப்பா மறுபடி தாலி கட்டினார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ராபர்ட்டும் நோராவும் மண்டபத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள், நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

சாப்பாடு முடிந்து அவர்களைத் தரங்கம்பாடி கடற்கரைக்கு அழைத்துப் போனேன். பத்து கிலோமீட்டர்தான். கோட்டைக்கு எதிரே மணலில் உட்கார்ந்தோம். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "நீயும் இரு," என்றார் நோரா.

பிறகு ராபர்ட்டிடம், "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேட்டார்.

ராபர்ட்டின் அப்பா போலீஸ்காரர். பிரிட்டன் வெளியேறவேண்டும் என்றவர்களில் சிலர் போலீஸ்காரர்களுக்குக் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம். தினமும் காலையில் காருக்கடியில் குண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அது நோராவுக்குத் தெரியும். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு மாதம், பத்து வயது ராபர்ட் அம்மாவுக்குத் தெரியாமல் தானே குனிந்து பார்த்தான் என்பது தெரியாது. அதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்.

"அதெல்லாம் முடிந்துபோனது. இப்போது பயம் வேறு," என்றார். "ஒன்றாகிவிட்டால் நான் பிறந்த ஊரிலேயே விருந்தாளி ஆகிவிடுவேன். நன்றாகத்தான் நடத்துவார்கள். ஆனாலும் விருந்தாளி."

 நோரா சொன்னார்: "ராபர்ட், நான் இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.  ராபர்ட் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம் வீட்டிலேயுமா?" என்று கேட்டார்.

"வீட்டில் இல்லை. வாசலைத் தாண்டினால்."

ஓட்டு விஷயத்தில் இருவரும் மாறவில்லை. அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள். அங்கே தேநீர் போட எழுந்துபோக வழியில்லை. சேர்ந்தால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் ராபர்ட் மாதிரி ஆட்கள் பயமில்லாமல் இருக்க என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் தெரியவேண்டும் என்றேன். ராபர்ட் தலையசைத்தார். "நியாயம்தான்."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முகூர்த்த நாட்களில் திருக்கடையூரில் அறை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் மயிலாடுதுறையில் தங்குங்கள். வெளிநாட்டு நண்பர்கள் எதுவரை வரலாம் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் கிடக்கும், பயண நேரத்தில் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக்கு வெயில் தாழ்ந்து போங்கள். முக்கியமாக, அன்று மாலை வேறு எந்த ஊரையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். நாங்கள் பூம்புகாரை விட்டுவிட்டோம், அதில் வருத்தமில்லை.

டோனெகலில் நோராவின் அண்ணன் வீடு இருக்கிறது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ராபர்ட் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று அன்றைக்கே திரும்பிவிடுவார். இந்த வருடம், நாங்கள் பெல்ஃபாஸ்ட் திரும்பிய பிறகு வந்த ஈஸ்டருக்கு, அவர் கார் நான்கு நாள் வாசலில் இல்லை. வந்ததும் வேலிக்கு மேலாக, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நிறைய உபசாரம் பண்ணினார்கள்," என்றார். "இரண்டாம் நாள் காலையில் என்னைத் தட்டு கழுவச் சொன்னார்கள். அப்புறம் சரியாகிவிட்டது."