பறக்கிறவன் ஏன் தனியாக இருந்தான்?

படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் பாகத்தில் நீலச் சால்வை கட்டிய ஒரு வெள்ளைக்காரன் வானத்தில் பறந்து, விழப்போன ரயிலைத் தூக்கிக் காப்பாற்றினான். பெண்களுக்குப் பிடித்தது ரயில் இல்லை, கடைசிக் காட்சி. அவன் பெட்டியோடு காதலியின் வாசலில் வந்து இறங்குகிறான். அவளுடைய தாய் கதவைத் திறக்க உள்ளே போகிறான். படம் முடிந்தது.

படம் இங்கிலீஷ். ஆனாலும் முடிவு எல்லோருக்கும் விளங்கியது. வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் படுவான்கரையில் கல்யாணமென்றால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. ஆகவே பறக்கிறவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"நல்ல புள்ள. மாமிக்கு மரியாத குடுத்து நடந்து போறான் பாருங்க," என்று பெரியம்மா மெச்சினார்.

இரண்டாம் பாகத்துக்காக டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் உழவு மெஷினில் வந்தன. அது யுத்த காலம், இரவில் வெளிச்சம் தெரிந்தால் ஆமி வரும். அதனால் பட்டப்பகலில் சன்னலுக்குப் பாய் கட்டி, அக்கா வீட்டு விறாந்தையில் புழுங்கிக்கொண்டு பார்த்தோம்.

அந்த வீட்டில் அக்கா அப்போது தனியாக இருந்தாள். ஒரு சண்டைக்குப் பிறகு அத்தான் வாகரையிலுள்ள தன் தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் திரும்பாவிட்டால் முதலில் வேறு பயம்தான் வரும். அவர் சுகமாக இருக்கிறார் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னபிறகு பயம் போய் ரோசம் வந்தது. சண்டை மீன் குழம்பில் உப்புக் கூடியதைப் பற்றி. உப்புக்காக ஒரு மனிதன் வாகரை வரை போவானா? வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது.

படம் தொடங்கியது. பறக்கிறவன் ஒற்றை அறையில் தனியே முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"பொஞ்சாதி எங்ககா?" என்றார் பெரியம்மா.

அந்தக் காதலி ஒரு தடவை டெலிபோனில் பேசி அழுதாள். பிறகு இரும்புக் கையோடு ஒரு வில்லன் வந்தான், கட்டடங்கள் விழுந்தன. யார் பார்த்தார்கள்! மாமி வீட்டைவிட்டுக் கலைத்துவிட்டாளா, சீதனத்தில் பிரச்சினையா, அவனே கோபித்துக்கொண்டு போனானா என்றுதான் பேச்சு. "நீ இங்கிலீஷ் படிக்கிறாய்தானே புள்ள, ஏனெண்டு சொல்லன்," என்று என்னைப் பிடித்தார்கள். என் இங்கிலீஷ் அந்த வேகத்துக்கு ஓடவில்லை.

கடைசியில் வில்லன் செத்தான். பறக்கிறவன் தனியாகவே பறந்து போனான். காரணம் சொல்லவே இல்லை.

"விசர்ப் படம்," என்றார் பெரியம்மா. எனக்கும் ஆத்திரம்தான்.

"அவளாவது போய் ஏனெண்டு கேட்டிருக்கலாம்," என்றாள் அக்கா.

எல்லோரும் சன்னல் பாயைக் கழற்றுவதில் மும்முரமானார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் விடிய அவள் சேலை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து நின்றாள்.

"பொம்புள நாமளா போய்க் கேக்கிறது?" என்று அம்மா மறித்தார்.

"கூட்டி வரப் போகல்ல. ஏனெண்டு கேக்கப் போறன்."

தோணியில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, ஒவ்வொரு செக்பொயின்ட்டிலும் இறங்கி ஏறிப் போகவேண்டிய பயணம். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் தனியாக நடந்து வந்தாள். வாசலிலேயே பிடித்துக் கேட்டேன்.

"அத்தான் எங்க?"

"தோணித் துறையடியில நிக்கார். வீட்டாக்கள் வந்து கூப்பிட்டாத்தான் வருவாராம்."

"ஏன் போனாராம்?"

"நீயே போய்க் கேளு."

அப்பா போட்டுக்கொள்ளச் சேட்டைத் தேடுவதற்குள் நான் ஓடினேன். அத்தான் கவிழ்த்து வைத்த தோணியின் மேல் இருந்தார். மெலிந்து போயிருந்தார். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை நான். இத்தனை நாளும் தொண்டையில் நின்றதைத்தான் கேட்டேன்.

"ஏன் அத்தான் இவ்வளவு நாளும் வரல்ல?"

அவர் வாவியைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏனெண்டு கேட்டு ஒருத்தரும் வரல்லயே புள்ள."