சித்தப்பாவின் கறுத்த விரல்கள்

சித்தப்பாவின் வலது கையில் மூன்று விரல்களின் நுனி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பினால் அதுவரை இரண்டு பெண் வீட்டார் நழுவிப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி என்று ஜொகூர்பாருவில் பேச்சு.

வியாதி ஒன்றுமில்லை. சித்தப்பா மின்சார நிலையத்தில் தண்ணீர் சோதிப்பவர். டர்பைனைச் சுழற்றி ஓய்ந்த ஆவியை, கடல்நீர் ஓடும் பித்தளைக் குழாய்களின்மேல் படவிட்டுக் குளிர வைப்பார்கள். அது சுத்தமான தண்ணீராகி மறுபடி பாய்லருக்குப் போகும். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கடலுப்பு கலந்து பாய்லரை அரித்துவிடும். அதனால் அந்தத் தண்ணீரில் அடிக்கடி வெள்ளி சேர்ந்த ஒரு மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்ப்பார். உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். மருந்து விரலில் பட்டால் வெயில் கண்டதும் கறுக்கும். இதையெல்லாம் அவர் எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். ஆனாலும் அவர் தொட்ட முறுக்கை நான் தின்றதில்லை.

மூன்றாவது பெண் கூலாயில். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண் பார்க்கப் போன ரயிலிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, கையைப் பையிலயே வச்சுக்கங்க. வெளிய எடுக்காதீங்க."

"காப்பி குடுத்தா எடக்கையிலயா வாங்குறது, அண்ணி?"

சித்தப்பா இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் நிலையத்துத் தண்ணீர், மற்றதில் மருந்து.

பெண் வீட்டில் காப்பி வாங்கிய கையைப் பார்த்ததும் கிராணியின் முகம் சுருங்கியது. சித்தப்பா இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். பெண்ணே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஒரு டம்ளரில் நிலையத்துத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் மருந்து சொட்டினார். முதலாவது அப்படியே தெளிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கிப்போனது.

"அலமாக்! என் கெணத்துத் தண்ணி கெட்டதுங்கிறீங்களா?"

"கெட்டதில்லீங்க. கொஞ்சம் உப்பு இருக்கு. குடிக்கலாம், பாய்லருக்குத்தான் ஆகாது."

"என் பொண்ணு என்ன பாய்லரா? வெரலுக்குப் பதில் சொல்லுங்க தம்பி."

"இந்த மருந்து பட்டுத்தான் கறுத்துச்சு. வலிக்காது, தொத்தாது. கழுவினாத்தான் போகாது."

வெள்ளிக்கிழமை ஜொகூர்பாரு கோயிலுக்கு வரும்போது பதில் சொல்வதாக எங்களை அனுப்பி வைத்தார் கிராணி. பதில் என்னவென்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கிளம்பிய அவசரத்தில் சித்தப்பா மருந்துப் புட்டியைக்கூட அங்கேயே மறந்து வைத்துவிட்டார். திரும்பும் ரயிலில் நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தக் கூலாய் அக்கா என்னிடம் ஒரு வாழைப்பழம் நீட்டினாள். அவளுடைய சுட்டுவிரல் நுனி கறுத்திருந்தது.

"அம்மா! இந்த அக்காவுக்கும் தொத்திக்கிச்சு!"

பிராகாரமே திரும்பிப் பார்த்தது. கிராணி மகளின் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னம்மா இது?"

"கழுவினாப் போகாதுன்னாங்களே அப்பா. விட்டுட்டுப் போன மருந்தைத் தொட்டு நெசமான்னு பாத்தேன்."

"போச்சா?"

"போகல." அவள் தலை நிமிரவில்லை. சித்தப்பாவின் காது சிவந்திருந்தது.

கிராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இனிமே இவளை வேற எந்த வீட்டுல ஏத்துக்குவாங்க? நீங்களே கூட்டிட்டுப் போங்க தம்பி!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பூசாரிகூடச் சிரித்தார். மூன்றாயிருந்த கறுத்த விரல் நான்காகிவிட்டதே என்று, பழத்தை உரிக்கவும் பயந்து, கவலையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.