அந்த ஒரு கீ மட்டும்

எங்க பழைய சிந்தசைசர் இன்னிக்குத்தான் ரிப்பேர் முடிஞ்சு காட்டூர் வீட்டுக்கு வந்துச்சு.

எண்பதுகள்ல, திருவெறும்பூர் ஃபேக்டரி நண்பர்கள் நடத்துன லைட் மியூசிக் குழுவுல நான் கீபோர்டு, என் வீட்டுக்காரர் தபலா. ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல, பாட்டு பாதியில இருக்கும்போதே நடுவுல ஒரு கீ செத்துப்போச்சு. சரிபண்ண ஆள் கிடைக்கல. குழு கலையுற வரைக்கும் அந்த கீ இல்லாமலேயே வாசிச்சேன். அந்த இடம் வந்தா இவர் தபலாவுல ஒரு தட்டு தட்டி நிரப்பிடுவார்.

இன்னிக்கு ஆசையா உட்கார்ந்து அதே பாட்டை வாசிச்சேன். அதே இடத்துல சத்தம் வரல. மறுபடியும் வாசிச்சேன். வரவே இல்ல.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "ஏங்க, இது இன்னும் சரியாகலைங்க."

அவர் வந்து அந்த கீயை மட்டும் அழுத்தினார். கணீர்னு கேட்டுச்சு.

"இப்ப நீ வாசி"ன்னு சொல்லிட்டு என் கையையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் சிரிச்சுட்டார்.

"ஸ்டெல்லா, நீ அதைத் தொடவே இல்லம்மா. உன் விரல் தாண்டிப் போகுது!"

சாயங்காலம் வரைக்கும் வாசிச்சுப் பார்த்துட்டேன், இன்னும் தாண்டுது. திருச்சியில விரலை ரிப்பேர் பண்ற கடை யாருக்காவது தெரியுமா?