சீம்பால் முதலில் கன்றுக்கு

சிங்கப்பூரின் லிம் சூ காங் பகுதியில் இருந்த ஒரு சிறிய மாட்டுப் பண்ணையில் கன்றுகளைக் கவனிக்கும் வேலைக்கு வைதேகி சேர்ந்த இரண்டு மாதங்களில் ஏழு கன்றுகள் பிறந்தன. ஐந்து செத்துப்போயின. எல்லாம் கழிச்சல். வால் நனைந்து, கண் குழிந்து, இரண்டு நாளில் முடிந்துவிடும்.

அதற்கு முன் பதினான்கு வருடம் அவள் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் இருந்தவள். உயிருள்ள பிராணிகள் வந்திறங்கினால் எப்போது இறங்கின, எப்போது தண்ணீர் வைத்தார்கள் என்று குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆட்குறைப்பில் அந்த வேலை போனது. இப்போது பிடோக்கில் உள்ள வீட்டிலிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ் மாறிப் பண்ணைக்கு வருகிறாள்.

"கன்னுன்னா நாலுல ஒண்ணு போகத்தான் செய்யும்லா. மழை வேற," என்றார் முதலாளி அழகப்பன்.

"ஏழுல அஞ்சு போயிருக்கே, அண்ணே."

அவர் ஐந்தாவது கன்றைத் தூக்கிப்போக ஆள் வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

வைதேகி ஒவ்வொரு கன்றைப் பற்றியும் விசாரித்தாள். எத்தனை மணிக்குப் பிறந்தது, எப்போது முதல் பால் குடித்தது? மாடுகளைப் பார்த்துக்கொண்ட ரகுபதி புதுக்கோட்டைக்காரர். மறைக்காமல் சொன்னார்.

"நஞ்சுக்கொடி விழுந்தப்புறந்தான் கன்னுக்கு விடுவோம், அக்கா. அதுவும் கொஞ்சமா. சீம்பால் கூடிப்போனா கழியும்ல."

மீதிச் சீம்பால் சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் போனது. அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஆட்கள் இருந்தார்கள். பிழைத்த இரண்டு கன்றுகளும் யாரும் வருவதற்குள் தாமாக எழுந்து தாயிடம் குடித்தவை.

வைதேகி கால்நடை மருத்துவர் ஷபானாவுக்கு ஃபோன் செய்தாள்.

"கன்னு எதிர்ப்புச் சக்தியோட பிறக்கறது இல்ல," என்றார் ஷபானா. "முதல் பால்லதான் அது கிடைக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க. ஒரு நாள் ஆயிட்டா குடிச்சாலும் உடம்புல ஏறாது. கழிச்சல் வந்தா பாலை நிறுத்தாதீங்க. தண்ணி வத்தித்தான் சாகுது."

அடுத்த மாடு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஈன்றது. கன்று துவண்டு கிடந்தது. வைதேகி அதைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, பால் கறக்கச் சொன்னாள்.

ரகுபதி தயங்கினார். "கொடி இன்னும் விழலையே, அக்கா."

"அது விழறப்ப விழட்டும். நீங்க கறங்க."

அதற்குள் அழகப்பனும் வந்துவிட்டார். கடைக்காரர் காத்திருப்பதாகச் சொன்னார். வைதேகி பால் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கன்னுக்கு முதல்ல குடுத்துடறேன், அண்ணே. மிச்சம் இருந்தா அனுப்புங்க. இதுவும் செத்துச்சுன்னா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன்."

அழகப்பன் வாளியைப் பார்த்தார். பிறகு கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, "இந்தத் தடவ இல்லலா," என்று மட்டும் சொன்னார்.

கன்று புட்டியில் இரண்டரை லிட்டர் குடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

ஆறாம் நாள் அந்தக் கன்றுக்கும் கழிந்தது. ரகுபதி மற்ற கன்றுகளிடமிருந்து அதைப் பிரித்துக் கட்டினார். வைதேகி அதன் காதைத் தொட்டாள்; இன்னும் குளிர்ந்துபோகவில்லை. பாலை நிறுத்தவில்லை. இரண்டு பால் வேளைக்கு நடுவே மருத்துவர் கொடுத்த உப்புக் கரைசலைக் கொடுத்தாள். அதற்குத் தனி வாளி, தனிப் புட்டி. மூன்றாம் நாள் காலை அவள் நுழைந்தபோது கன்று எழுந்து நின்று புட்டிக்காகக் கத்தியது.

"கெட்டிக்காரி இது," என்று ரகுபதி சிரித்தார். அடுத்த மாடு ஈன்றபோது கொடி விழக் காத்திராமல் அவரே கறக்க உட்கார்ந்தார்.

அந்த வருடம் அதற்குப் பிறகு பதினொரு கன்றுகள் பிறந்தன. ஒன்றை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. தொப்புள் வழியாகச் சீழ் ஏறி மூட்டுகள் வீங்கிவிட்டன. ஊசி போட்டும் கேட்கவில்லை. வைதேகி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஷபானாவை வரவழைத்து, கன்று விழும் இடத்து ஈர வைக்கோலைக் காட்டினாள். அந்த அழுக்கிலிருந்துதான் தொப்புளில் கிருமி ஏறியிருக்கும் என்றார் அவர். வைதேகி, ரகுபதி, அழகப்பன் மூன்று பேருமாக அதை வாரி வெளியே கொட்டிவிட்டுத் தரையைக் கழுவினார்கள். அழகப்பன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.